கப்பல் மாப்பிள்ளை, மீன் பொண்ணு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் நடுக்கடலில், ஒரு ஃபைபர் படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒரு கல்யாணத்துக்காக!

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வியின் மகள் ஜனனி. லேப்பில் வேலை. இரண்டு வருஷமாக ஸ்கூபா டைவிங் பைத்தியம். உப்பளத்தில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் விமல். அவனுக்கும் அதே பைத்தியம். விடுவேனா? நானே இரண்டு வீட்டிலும் பேசினேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார் ஜோசியர். பெண் பார்க்கிற நாளும் வந்தது.

கேசரி, பஜ்ஜி வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. காபி வரும்போது சனி பிடித்தது.

"கடலுக்குள்ள உங்களுக்கு எது புடிக்கும்?" என்று விமல் ஆரம்பித்தான்.

"மீனுங்கதான். ஒரு பாறை பக்கத்துல அசையாம இருந்தா போதும், அதுங்களே கிட்ட வரும். உங்களுக்கு?"

"எனக்கு மூழ்கிப்போன கப்பல். மீன் பாக்கணும்னா காலைல வைத்திக்குப்பம் மீன் ஏலத்துக்குப் போனா போதுமே. கூடை கூடையா பாக்கலாம்!"

ஜனனியின் முகம் மாறியது. "துருப்புடிச்ச இரும்பு பாக்கணும்னா எங்க தெரு முனைல காயலாங்கடை இருக்கு. அதுக்கு சிலிண்டர்கூட மாட்ட வேணாம்" என்றாள்.

அவ்வளவுதான். அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் செல்வி என் வீட்டுக்கு வந்து அழுதாள். "வேணாங்கறாக்கா. இது மூணாவது வரன். மொத ரெண்டும் அவங்க வேணான்னாங்க, இது இவ வேணாங்கறா. தெருவுல இன்னா பேசுவாங்க?"

வரனைக் கொண்டுவந்தவள் நான்தானே? விமலுக்கு போன் போட்டேன். "பொண்ண ரொம்ப புடிச்சிருக்கு ஆன்ட்டி. மீனைக் கிண்டல் பண்ணதுக்கா இவ்ளோ கோவம்?" என்றான் பாவமாக. இந்தப் பக்கம் ஜனனி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, "சும்மா கேட்டேன்" என்கிறாள்.

ஒரு விஷயம் சொல்லட்டுமா? எனக்கு இவர்கள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. சண்டை போடவாவது இரண்டு பேருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறதே! எங்கள் வீட்டுக்காரரிடம் இருபத்தேழு வருஷமாக எதைக் காட்டினாலும் ஒரே பதில் – 'சூப்பர்'. புடவையா? சூப்பர். நான் எழுதும் இந்தப் பத்தியா? சூப்பர். படித்தாரா என்று கேட்கக் கூடாது.

சரி, கதைக்கு வருகிறேன். டைவிங் சொல்லிக்கொடுக்கும் பாஸ்கரைப் பிடித்தேன். அவர் ஒரு இடம் சொன்னார். கீழே மூழ்கிய பழைய சரக்குக் கப்பல் ஒன்று கிடக்கிறதாம். கொஞ்சம் தள்ளி மீன்கள் மேயும் பாறை. "ஆனா ஒண்ணுக்கா, ஜோடியா எறங்குனா ஜோடியாவே இருக்கணும். அவன் கப்பலுக்கு, இவ பாறைக்குன்னு பிரிஞ்சி போவக் கூடாது. அதான் ரூல்."

இதைவிட நல்ல ரூல் உண்டா? இரண்டு பேரையும் தனித்தனியாகத் தாஜா செய்து படகில் ஏற்றினேன். துணைக்கு நான்.

போகும் வழியெல்லாம் அவன் தெற்கே பார்த்தான், இவள் வடக்கே பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்து என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். பாஸ்கரோடு இரண்டு பேரும் குதித்தார்கள். கப்பலா, பாறையா? யார் விட்டுக்கொடுக்கப் போகிறார்கள்? கீழே போயும் சண்டை என்றால் செல்வி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? முத்தியால்பேட்டை மாரியம்மனுக்கு நூற்றெட்டு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்துகொண்டேன்.

பதினைந்து நிமிஷம் கழித்து இரண்டு தலைகள் மேலே வந்தன. சேர்ந்தாற்போல.

"மீனுங்க சூப்பர் ஆன்ட்டி! என்னா கலரு! நான்தான் இத்தன நாளா மிஸ் பண்ணிட்டேன்" என்றான் விமல்.

"ஐயோ, அந்தக் கப்பல் இருக்கே... எவ்ளோ அழகு தெரியுமா!" என்றாள் ஜனனி.

எனக்குத் தலை சுற்றியது. மாற்றிச் சொல்கிறார்களே? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார்கள். திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கரையில் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்த பாஸ்கரிடம், "நல்ல இடம் தம்பி. கப்பலும் ஆச்சு, மீனும் ஆச்சு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்தக் கப்பல்க்கா? நேத்து பேஞ்ச மழைல கீழ ஒரே கலங்கல். கைய நீட்டுனா கை தெரியல. கப்பலும் இல்ல, மீனும் இல்ல. மேல வாங்கன்னு தொட்டுத் தொட்டு கூப்பிடறேன்... ரெண்டும் கையக் கோத்துகினு மண்ணுல உக்காந்துகினு இருக்குதுங்க!"

அடப்பாவிகளா! வயசில் மூத்தவளிடம், கண்ணைப் பார்த்து, கூசாமல் ஒரு பொய்... அவனுக்காக இவள் ஒன்று, இவளுக்காக அவன் ஒன்று! செல்விக்கு போன் செய்து, "மண்டபம் பாரு" என்று மட்டும் சொன்னேன். எனக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வழியிலேயே சங்கரா மீன் வாங்கி, தலைசுற்றலோடு வீட்டுக்கு வந்து, ஏதோ ஞாபகத்தில் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் முதலில் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பு எப்படி என்று கேட்டேன். "சூப்பர்" என்றார். எனக்கு வழக்கம்போல எரிச்சல். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பே போடவில்லை.