தகரத்துக்கு அடியில் வெயில் இல்லை

சில மாதமாக எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. உங்களிடம் சொல்லாமலே வாராவாரம் இந்தப் பத்தியை எழுதிவந்தேன்.

இப்போது வேலை தாராவியில், தோல் பை தைக்கும் பட்டறையில். தகரக் கூரைக்கு அடியில் ஒரு பரண். அங்கேதான் தையல், அங்கேதான் படுக்கை. ஏற ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. தலையைத் திருப்பினால் போதும் — ஏணி, சுவர், முதலாளி காதர் பாய் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும்.

அப்புறம் பயம். ஏணியைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு காரணமில்லாத துக்கம்... ஊசியில் நூலைக் கோத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

"ஏற முடியலன்னா இங்க என்னலே வேலை? ஊருக்குப் போயிரு" என்றார் பாய். கோபமில்லை. விழுந்து செத்துவிடுவேனோ என்ற கவலை. எனக்குப் போக ஊர் ஏது?

மாதுங்காவில் ஒரு டாக்டரம்மா தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தார். காதுக்குள் கோளாறு, இப்படிச் சாய்த்தாலே சுற்றல் நிற்கலாம் என்றார். முழங்கால் எலும்பை அழுத்தினார். கத்தினேன்.

"வெயில்ல இருக்கேளா?"

"பகல் முழுக்க, டாக்டர். தகரத்துக்கு அடியில வேகுறேன்."

"அது சூடு. வெயில் இல்லை. வெயில் தோல்ல படணும், அப்பதான் வைட்டமின் டி. அது கொறைஞ்சா எலும்பு வலிக்கும். தலைசுத்தல், பயம், துக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம். அடிச்சுச் சொல்லமாட்டேன்."

பாலில் கலக்க ஒரு பொடி எழுதினார். தினம் காலையில் வெயில் என்றார்.

நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னது தப்பா? பட்டறையில் பத்துப் பேரும் அப்படித்தான் நம்பியிருந்தோம், வியர்த்தால் வெயில் என்று.

எங்கள் சந்தில் வெயில் தரைக்கு இறங்காது. கூரையோடு நின்றுவிடும். கூரைக்கு வழி? அதே ஏணி. பரணைத் தாண்டி இன்னும் ஆறு படி!

மறுநாள் ஏணியைப் பிடித்தபடி நின்றேன். கால் எழவில்லை. பாய் பின்னால் வந்து என் இடுப்புக்குத் தோள் கொடுத்தார்.

"விழுந்தா என் மேலதான் விழுவ. மெத்துமெத்துன்னு இருக்கும். ஏறுலே."

கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். மேலே சாயத்தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டை நகர்த்தி இடம் விட்டு, என் சட்டையைக் கழற்றச் சொன்னார். கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அரைமணி கழிச்சு இவனயும் பொரட்டிப் போடுங்கடே!"

தினமும் அப்படியே ஏற்றினார். இப்போது தனியாக ஏறுகிறேன். துக்கம் மட்டும் சில நாள் எட்டிப் பார்க்கிறது. பொடியா, வெயிலா, டாக்டரம்மா தலையைச் சாய்த்ததா — எது வேலை செய்தது? தெரியாது.

தலை சுற்றுகிறவனைக் கூரையில் ஏற்றியே குணமாக்கிவிட்டதாகப் பாய் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். மறுக்க வழியில்லை.