நல்ல தண்ணிக் கிணறு

எங்கள் ஊரில் தண்ணீருக்கு இரண்டே பெயர்தான். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. நாக்கில் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணி. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாரந்தனையில் எங்கள் வீட்டு வளவுக் கிணறு உப்பு. குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்தான் ஆகும். குடிக்கப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அள்ளுவோம். தோட்டக்காரரை ஊரே அண்ணை என்று கூப்பிடும். வெங்காயமும் மிளகாயும் செய்கிறவர். அள்ள வருகிற எவரையும் அவர் மறித்ததில்லை. புதிதாக யாராவது வந்தால் தானே வாளியைத் தூக்கி, "கற்கண்டு மாதிரி, குடிச்சுப் பாரும்" என்று நீட்டுவார். அவருக்கு அந்தக் கிணற்றில் அவ்வளவு பெருமை.

மகள் எங்களுக்குப் பிந்திப் பிறந்தவள். எனக்கு நாற்பத்தாறு, மனைவிக்கு நாற்பத்தொன்று. ஒன்றரை மாதத்தில் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து சீழ் பிடித்தது. அதை வெட்டிய பிறகு பால் வற்றிவிட்டது. பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவன். மற்றவர்கள் தண்ணீர் ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவார்கள். நான் கேத்தல் பாதியாக வற்றும் வரைக்கும் விடுவேன்.

"கேத்தலில ஓட்டை விழப்போகுது" என்று மனைவி பகிடி பண்ணினாள்.

"விழட்டும். ஒரு கிருமியும் மிஞ்சக்கூடாது."

முதலில் பிள்ளையின் உதடுதான் மாறியது. நாவற்பழம் தின்ற வாய் போல. குளிர் என்று நினைத்துத் துணியால் சுற்றினோம். மூன்றாம் நாள் காலை நகங்களும் உள்ளங்காலும் சாம்பல் நிறமாக இருந்தன. போத்தலை வாயில் வைத்தால் உறிஞ்சவில்லை. ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். எங்கள் தீவிலிருந்து போகிற பாலத்து வீதியில் இரண்டு பக்கமும் கடல் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. மனைவி பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, "கண்ணைத் திறவடி, என்ர அம்மாவெல்லோ" என்றபடியே வந்தாள். நான் ஓட்டோக்காரரின் முதுகைப் பிடித்திருந்தேன். பிறகுதான் அவர் சொன்னார், சேட்டு கிழிந்துவிட்டதென்று.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் இரத்தம் எடுத்தார்கள். அது சிவப்பாக இல்லை. கரைத்த சொக்லேட் போல இருந்தது. இளவயதுப் பெண் டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்ன தண்ணியில பால் கரைச்சனீங்கள்?"

"நல்ல தண்ணி, டொக்டர்."

"நல்லதெண்டால்?"

"உப்பில்லை" என்றேன்.

"கிணத்துக்குப் பக்கத்தில தோட்டம் இருக்கோ? யூரியா போடுறவையோ?"

"ஓம். ஆனால் நான் நல்லாக் கொதிக்கவைச்சனான். பாதியா வத்துமட்டும்."

அவர் மெதுவாகச் சொன்னார். தோட்டத்தில் போடுகிற உரம் எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. அதிலிருந்து வருகிற நைத்திரேற்று சின்னக் குழந்தையின் இரத்தத்தை மூச்சுக் காற்றைச் சுமக்க விடாது. "கொதிக்கவைச்சால் கிருமி சாகும். இது சாகாது. தண்ணி வத்த வத்த மிச்சத்தில இது கூடும். கடல் தண்ணியைக் காய்ச்சினால் உப்பு எங்க போகும்? அதுபோலத்தான்." சொல்லிவிட்டு, "நீங்கள் என்ன வேலை?" என்றார்.

"அரசாங்கக் கந்தோரில கிளாக்" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடல் தண்ணீரைக் காய்ச்சி அடியில் உப்புப் படிவதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் செய்து காட்டுகிறவன் நான்.

நீலமான மருந்து ஒன்றை ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் காது சிவந்தது, பிறகு உதடு. பின்னேரம் மகள் மூத்திரத்தில் துணியைப் பச்சையும் நீலமுமாக நனைத்தாள். மனைவி குழறி அழுதுவிட்டாள். மருந்துதான் அப்படிப் போகிறதென்று தாதி வந்து சொல்லும் வரைக்கும் நான் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் விடிந்ததும் மகளை யன்னலடிக்குக் கொண்டுபோய் நகங்களைப் பார்க்காமல் நான் தேநீர் குடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றுச் சோதிக்கிற தாள் துண்டு ஒன்றைத் தோய்த்தார். அது கடும் ஊதாவாக மாறியது. உரத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும், ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், கிணற்றடியைச் சுற்றி ஒன்றும் போடக்கூடாது, சாணியும் குப்பையும் மண்ணுக்குள் தாழ்க்கலாம் என்று அண்ணைக்குச் சொன்னார். என்னைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கே எல்லாத்தையும் நிறுத்தினாலும் கிணறு தெளிய வருடங்கள் ஆகும் என்றார். தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி கிழமையில் இரண்டு தரம் வரும், குழந்தைக்கு அதைப் பாவியுங்கோ என்றார்.

அண்ணை சனத்துக்கு முன்னால் என்னைக் கேட்டார். "மாஸ்ரர், நான் இதைக் குடிச்சுத்தான் வளர்ந்தனான். என்னைப் பாரும். கிருஷ்ண பகவான் மாதிரி நீலமாவே நிக்கிறன்?"

எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் அள்ளுகிறவர்கள் தொடர்ந்து அள்ளினார்கள்.

ஒரு மழைக்குப் பிறகு அவர் பாத்திகளுக்குள் யூரியா வீசுவதை வேலியடியில் நின்று பார்த்தேன். வெள்ளைக் குருணிகள் ஈர மண்ணில் விழுந்ததும் கரைந்தன.

"அண்ணை, குறைக்கச் சொல்லியெல்லோ பரிசோதகர் சொன்னவர்?"

"வெங்காயம் மஞ்சளாப் போகுது. நீர் வந்து பச்சையாக்கித் தாருமன்."

"என்ர பிள்ளை செத்துப் பிழைச்சது, அண்ணை."

அவர் கை நின்றது. "தெரியும் தம்பி" என்றார். முதன்முதலாக மாஸ்ரர் என்று சொல்லவில்லை. பிறகு அடுத்த பாத்திக்கும் வீசினார்.

போன கிழமை மத்தியானம் அவர் வெறும் தண்ணிக் கானோடு எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். முன்பக்கத்தால் வரவில்லை.

"மகள் வவுனியாவிலயிருந்து வாறாள். தலைப்பிள்ளை. நாள் கிட்டுது." தரையைப் பார்த்தபடி சொன்னார். "பவுசரடியில நான் போய் நிண்டால் சனம் சிரிக்கும். ஒரு கான் தாருமன். பிள்ளை பிறந்த பிறகும் கொஞ்சம் வேணும்."

மகளுக்காகப் பவுசரில் பிடித்து வைத்த தண்ணீரை நான் நிரப்பினேன். நீட்டும்போது கைபிடியை விடவில்லை. "உரம், அண்ணை?"

"இந்தப் போகம் போகட்டும்" என்றார்.

என்னால் என்ன செய்ய ஏலும்? பிறக்கப்போகிற பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல ஏலாது. கையை விட்டேன். அவர் ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு கையாலும் கானை அணைத்துக்கொண்டு வெங்காயப் பாத்திகளுக்கு நடுவால் போனார். பவுசர் வர இன்னும் இரண்டு நாள். குசினிக்குள் போய் மிச்சக் கானைத் தூக்கிப் பார்த்தேன். அரைவாசி கூட இல்லை.