பெட்டிக்குள் போன அடையாள அட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் உயிருக்கு அடுத்தபடியாகப் பொத்திக் காக்க வேண்டிய அடையாள அட்டையை, என் கையாலேயே ஒரு கொள்கலனுக்குள் ஒட்டி, கதவைச் சாத்தி, சீல் அடித்து, ஹம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். அந்த நாளில் எங்கட பெடியள் ஜெர்மனிக்குப் போக வருடக்கணக்காக ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் அலைந்தார்கள். என்னுடைய அட்டை ஒருவருக்கும் கும்பிடு போடாமல் ஒரே பின்னேரத்தில் புறப்பட்டது. நான்தான் கொட்டாஞ்சேனையில் நின்றுவிட்டேன்.

எனக்கு வேலை கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி ஆற்றுப் பக்கமாக இருந்த ஒரு கொள்கலன் யார்ட்டில். துறைமுகத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள் கப்பலையும் கிரேனையும்தான் கதைப்பார்கள். யார்ட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கலியாண வீட்டில் பந்தியில் இருக்கிறவன், பின்னால் கொட்டிலில் மரக்கறி வெட்டுகிறவனை நினைக்கிறானா என்ன. நாங்கள் அந்த மரக்கறி வெட்டுகிற ஆட்கள். துறைமுகத்துக்குள் இடம் இல்லை. பெட்டியை இறக்கவும் ஏற்றவும்தான் அங்கே நேரம். சாமானைப் பெட்டிக்குள் அடுக்குவது, வந்த சாமானைப் பிரிப்பது, சுங்க அதிகாரிக்குத் திறந்து காட்டுவது, வெறும் பெட்டிகளை அடுத்த ஏற்றுமதிக்காரன் கேட்கும்வரை கட்டிக்காப்பது, எல்லாம் எங்கள் தலையில். பிறகு கப்பல் கேட்கிற மணிக்குச் சரியாக லொறியில் துறைமுக வாசலுக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் வைக்க இடமில்லை என்று ஏசுவார்கள். பிந்தினால் கப்பல் போய்விடும், சாமான்காரன் ஏசுவான்.

இத்தனைக்கும் நான் துறைமுகத்தின் உள்பக்கத்தைக் கண்டதில்லை. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. உள்ளே போகும் பாஸுக்கு மூன்று தரம் எழுதிப் போட்டேன். மூன்று தரமும் பதில் இல்லை. அடுக்கிவைத்த வெறும் பெட்டிகளின் உச்சியில் ஏறி நின்றால் தூரத்தில் கிரேன்களின் கழுத்து மட்டும் தெரியும். கப்பல் பார்க்க வேண்டுமென்றால் பின்னேரம் வெள்ளவத்தையில் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரையில் நிற்க வேண்டும். அடிவானத்தில் ஒன்று போகும். அதிலே நான் அடுக்கின பெட்டி இருக்கு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இராது. திரும்பி வாடகை அறைக்கு வந்து, சாப்பாட்டுக் கடைப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

யார்ட்டில் ஆட்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. லொறிச் சாரதிகளும் சாமான் ஏற்றுகிறவர்களும் நல்ல மனிதர்கள். ஆனால் என்னுடைய சிங்களம் இலக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதும், பகிடிக்குப் போதாது. பகிடி விட முடியாத பாஷையில் எட்டு மணித்தியாலம் இருந்து பாருங்கள், தெரியும்.

ஆகவே ரெலிபோன்தான் கதி. ஒவ்வொரு லொறி வெளிக்கிடும்போதும் துறைமுக வாசலில் இருந்த கப்பல் முகவரின் அலுவலகத்துக்கு அடித்து, பெட்டியின் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். நாலு எழுத்து, ஏழு இலக்கம். மறுமுனையில் ஒரு தமிழ்ப் பெண். ஞாயிறு பூசை முடிந்துதான் வேலைக்கு வந்ததாக ஒருநாள் வாய் தவறிச் சொன்னதில், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

"மிஸ், இண்டைக்கு நாலு பெட்டி. மூண்டு தேயிலை, ஒண்டு பிளவுஸ். நாலும் தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுது."

"இலக்கம்."

"சொல்லுறன். நீங்கள் குடிச்சிட்டீங்களோ?"

"இலக்கத்தைச் சொல்லுங்கோ, யார்ட்."

என்னை யார்ட் என்றுதான் கூப்பிடுவா. மூன்று வருடம். என் பெயரைக் கேட்கவுமில்லை, தன் பெயரைச் சொல்லவுமில்லை. எனக்கு அதுவே பெரிய சிநேகிதமாக இருந்தது. யார்ட் மூடியிருக்கும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் அந்த "இலக்கம்" என்ற ஒரு சொல் இல்லாமல் பொழுது நகராது.

இனி என் கெட்டித்தனத்துக்கு வருகிறேன். பெட்டிக் கதவை மூடுமுன் சாமான் பட்டியலின் ஒரு பிரதியை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவின் உட்புறத்தில் ஒட்டுவது எங்கள் வழக்கம். அங்கே திறக்கிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். கொள்கலனுக்குள் நிற்பது பாண் சுடுகிற போறணைக்குள் நிற்பது மாதிரி. வியர்வையில் ஊறக்கூடாதென்று நானும் அதே மாதிரி ஒரு உறைக்குள் அடையாள அட்டையையும், கொழும்பில் தங்குகிற தமிழன் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இப்படி யோசிக்க இந்த யார்ட்டிலேயே என்னை விட்டால் ஆளில்லை என்று பெருமை வேறு.

அன்றைக்குக் கப்பல் இரண்டு மணித்தியாலம் முந்திப் புறப்படுவதாகச் செய்தி வந்தது. பிளவுஸ் பெட்டியை அவசரமாக நிரப்பினோம். ஒட்டினேன், சாத்தினேன், சீல் அடித்தேன். லொறி போனது. ரெலிபோன் அடித்தேன். "சரி," என்று வைத்துவிட்டா.

வேலை முடிந்து கொட்டாஞ்சேனையில் பஸ் எடுக்க நடந்து வரும்போது சோதனைச் சாவடியில் சிப்பாய் மறித்து, "ஐ.சி." என்று அடையாள அட்டையைக் கேட்டான். கம்பீரமாக உறையை நீட்டினேன். அவன் பிரித்து, இங்கிலீசில் எழுத்துக் கூட்டி வாசித்தான். பெண்கள் பிளவுஸ், நானூற்றி இருபது அட்டைப்பெட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தான். பட்டியல் என் பையில் என்றால், கதவில் ஒட்டினது என் அட்டை.

பக்கத்துப் பொலிஸ் கூடத்தில் இருந்த அதிகாரி ஆறுதலான மனிதர். நான் உள்ள சிங்களத்தையெல்லாம் திரட்டி நடந்ததைச் சொல்லி முடித்ததும், "கதை நல்லா இருக்கு," என்றார். "உன்னைத் தெரிஞ்ச ஒராளைச் சொல்லு. இல்லாட்டி இண்டைக்கு இங்க, நாளைக்கு வேற இடம்."

வேறு இடம் எது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்படிப் போய்த் திரும்பாதவர்களை எல்லாருக்கும் தெரியும்.

யார்ட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பூட்டிவிட்டார்கள். வெள்ளவத்தையில் என் வீட்டுக்காரருக்கு அடித்தார். பென்சன்காரர், பயந்த மனிதர். அதிகாரி கேட்டுவிட்டு எனக்குச் சொன்னார், "வாயே திறக்காத ஒராளாம். வேற ஒண்டும் தெரியாதாம்."

நான் வாய் திறக்காத ஆளாம். வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"வேற?" என்றார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இன்னும் ஒன்றுதான் இருந்தது. தமிழ்ப் பெண், வீட்டில் அண்ணன் தம்பி இருக்கலாம், பொலிசில் பெயர் எழுதப்பட்டால் அவவுக்கு என்ன வரும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

கப்பல் வெளிக்கிடும்வரை அவ அலுவலகத்தில் இருக்க வேண்டும், அன்றைக்கு இருந்தா. அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார், கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தார். "கதை."

மூன்று வருடமாக ஓயாத வாய். அதில் வந்தது ஒரே சொல். "மிஸ்," என்றேன். அந்தப் பக்கம் லொறிகளின் இரைச்சல்தான் கேட்டது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், பின்னேரம் போன பிளவுஸ் பெட்டியின் இலக்கத்தைச் சொன்னேன். நாலு எழுத்தையும் ஏழு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக.

பிறகு, "அவரிட்டக் குடுங்கோ," என்றா.

அதிகாரி நெடுநேரம் கேட்டார். அவவின் பெயரையும் அட்டை இலக்கத்தையும் தாளில் எழுதினார். அந்தப் பெயரைத் தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன். கிறுக்கின சிங்கள எழுத்து, பிடிபடவில்லை. பிறகு அட்டை தொலைந்ததாக முறைப்பாடு எழுதி, ஒரு துண்டில் சீல் குத்தித் தந்தார். "ஹார்பர் ஆள் பொறுப்புச் சொன்னபடியால் விடுறன்."

மறுநாள் காலை முதல் லொறி வெளிக்கிட்டதும் அடித்தேன்.

"மிஸ், நேற்றைக்கு..."

"இலக்கம்."

சொன்னேன். எழுதுகிற சத்தம் கேட்டது. வைத்துவிடுவாவோ என்ற பயத்தில் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஒருக்கா நேர்ல கண்டு நன்றி சொல்ல வேணும் மிஸ். நீங்கள் பூசைக்குப் போற கோயிலடியில நிண்டு ரெண்டு நிமிசம் கதைச்சாக் காணும். கொழும்பில என்னைத் தெரிஞ்சது நீங்கள் ஒராள்தான்."

எழுதுகிற சத்தம் நின்றது.

"பொலிசிட்டயும் உங்கட குரலைத் தெரியும் எண்டு மட்டும்தான் சொன்னனான், யார்ட்."