சனிக்கிழமை அக்காவின் செட்

எங்கள் ஹோம் தியேட்டர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. மீதிப் பேருக்கு எல்லாம் தெரியும். அவர்கள் இன்னும் மோசம். நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து, சுற்றி ஏழு ஸ்பீக்கர் வை, கூரையில் நாலு தொங்கவிடு என்பார்கள். ஹால் எவ்வளவு பெரிது என்றால் பத்துக்குப் பன்னிரண்டு என்பார்கள். அதில் இத்தனையையும் மாட்டினால் மனுஷன் எங்கே உட்காருவான் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்க மாட்டேன். விற்கிறவன் வாயில் நியாயம் வந்தால் மேனேஜர் வாயில் வேறு வார்த்தை வரும்.

சனிக்கிழமை அக்கா இந்த இரண்டு வகையிலும் சேராதவர். ஒரு வருஷத்துக்கு மேலாக, சனிக்கிழமை மதியம் மூன்று மணி அடித்தால் கணவரோடு கடை வாசலில் நிற்பார். வெளுத்த நீலப் பை ஒன்று தோளில் இருக்கும். அவருக்கு முன்னால் கணவர் உள்ளே வந்து, "தம்பி, இன்னிக்கு என்ன புதுசா வந்திருக்கு?" என்று கேட்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் கம்பெனி இவரைத்தான் கூப்பிடும். வாரத்தில் மற்ற நாளெல்லாம் முறை வைத்து வேலை. சனிக்கிழமை பெயருக்குத்தான் ஓய்வு, போன் மட்டும் ஓயாது. கடைக்குள் நுழைவதற்குள் இரண்டு முறை எடுத்துப் பேசிவிடுவார்.

கடையின் பின்பக்கம், செட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்க ஓர் அறை உண்டு. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, தரையில் கம்பளம், ஜன்னல் கிடையாது, கதவு ஒரு சாண் கனம். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. போனுக்குச் சிக்னலும் வராது. மேனேஜர் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது, அந்த அறையில் எனக்குப் பிடித்ததே அதுதான். உள்ளே மூன்று நாற்காலிகள். சுற்றி இருக்கும் எல்லா ஸ்பீக்கரின் சத்தமும் வந்து கூடுகிற இடம் நடு நாற்காலி. அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் ஒரு செட்டின் லட்சணம் தெரியும். பெண்டாட்டியோடு வருகிற ஆண்கள் அநேகமாக ஓடிப்போய் நடுவில் உட்காருவார்கள். லிஃப்ட்காரர் முதல் நாளே அக்காவை நடுவில் உட்காரவைத்துவிட்டு, தான் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

அவர்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சின்ன ஹால். முன்னால் மூன்று, பின்னால் காது உயரத்தில் இரண்டு, மூலையை விட்டுச் சற்றுத் தள்ளி, அதிர்கிற சத்தத்துக்கு ஒரு வூஃபர். முடிந்தது கதை. ஏழு ஸ்பீக்கர் செட்டில் மிச்சம் இரண்டும் அந்த வீட்டில் ஒப்புக்குச் சப்பாணிகள். இதை முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டேன். லிஃப்ட்காரர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"மழை பெய்யிற மாதிரி இல்லியே. தகரத்துல அரிசி கொட்டுற மாதிரி இருக்கு."

அடுத்த வாரம் வேறு செட் போட்டேன். பேசுகிறவன் தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதாம். அதற்கடுத்த வாரம் வூஃபர் வயிற்றைக் கலக்குகிறதாம். கடையில் இருந்த ஒவ்வொரு பெட்டிக்கும் அவரிடம் ஒரு நொட்டை இருந்தது. அரை மணி நேரம் கேட்பார், ஒரு குறை சொல்வார், எழுந்துவிடுவார். லிஃப்ட்காரர் என்னைப் பார்த்து, பாவம் போலச் சிரிப்பார். "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி. இவளுக்குப் பிடிக்கணும் இல்ல?" என்பார். அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் போனில் நாலைந்து அழைப்புகள் தவறிப் போயிருக்கும். அங்கேயே நின்று ஒவ்வொருவருக்கும் பேச ஆரம்பிப்பார்.

மேனேஜருக்கு எரிச்சல். ஓசியில் படம் பார்க்க வருகிற கோஷ்டி என்று அவர்களுக்குப் பேர் வைத்தார். எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் அந்த அக்கா போகும்போது, "உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன், கோச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அப்படிச் சொல்கிற வாடிக்கையாளர் எங்கள் தொழிலில் அத்திப் பூ.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதை தெரிந்தது. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பொத்தான் ஓட்டை போடும் மிஷினில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. பத்து வருஷம் அவருக்குப் பகல் வேலை, புருஷனுக்கு ராத்திரி வேலை. மாடிப்படியில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் சாவியைக் கை மாற்றிக்கொண்டதுதான் குடும்பம் நடத்தியது. ஒரே மகள். அவளும் கட்டிக்கொண்டு வெகு தூரம் போய்விட்டாள். போன வருஷம் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்கிறாளே என்று லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு தியேட்டர் வைத்துத் தருகிறேன் என்று அவர் சொன்னதில்தான் இந்தச் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன.

ஒரு சனிக்கிழமை நான் ஒரு தப்புச் செய்தேன். காலையில் வேறொருவருக்குக் காட்டுவதற்காகப் பின்பக்கத்து வலது ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றியவன் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். அது தெரியாமல் அக்காவை உட்காரவைத்துப் படத்தை ஓட்டினேன். முடிந்ததும் அக்கா வழக்கம்போல யோசித்துச் சொன்னார், பின்னாடி வலது பக்கத்துப் பெட்டி ரொம்பக் கத்துகிறதாம். லிஃப்ட்காரர் ஆமோதித்துத் தலையாட்டினார். அவர் எங்கே சத்தத்தைக் கேட்டார்? அரை மணி நேரமும் பெண்டாட்டிக்குப் பிடிக்கிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். போன் பார்க்க வெளியே போனார். நான் ஒயரைப் பார்த்தேன். அது தரையில் கிடந்தது. அக்காவும் பார்த்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வருஷமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. வலது காதைத் தொட்டுக் காட்டினார். தொழிற்சாலையில் மிஷினின் இரைச்சல் அந்தப் பக்கம்தான் இருந்ததாம். அந்தக் காது கேட்பதை விட்டு ஆறேழு வருஷம் ஆகிறதாம், வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்த ரூம்ல மட்டும்தான் அவருக்கு போன் வராது தம்பி. அரை மணி நேரம் எம் பக்கத்துல உக்காந்திருக்காரு. கூப்பிட்டா எங்கேயும் வருவாரு, ஆனா சும்மா உக்காரத் தெரியாது. ஒரு வேலைன்னு சொன்னாத்தான் உக்காருவாரு. செட் வாங்கிட்டா வேலை முடிஞ்சுடும். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரு மணி நேரம் படம் ஓட்டினேன். மேனேஜர் கேட்டால் செட் சூடாகணும், அப்போதுதான் சத்தம் சரியாக வரும் என்று அளந்துவிடுவேன். சில நாள் நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவேன். கதவிலிருந்த சின்னக் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தால் இருவரும் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பேசிக்கொள்வதுகூட இல்லை. அப்படி உட்கார்ந்திருக்க அந்த அக்கா முப்பது வருஷம் காத்திருந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்லவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட்காரர் தனியாக வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். மாதக் கடைசி. இன்னும் ஒரு பெரிய செட் விற்றால்தான் என் கணக்கு நேராகும், இல்லாவிட்டால் அடுத்த கிளைக்கு மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். லிஃப்ட்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறதாம். இவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஜென்மத்துக்கும் வாங்க முடியாது, நானே எடுத்துக்கொண்டு போய் வைத்துவிடுகிறேன், பார்த்ததும் அசந்து போகணும் என்றார். "இத்தனை நாள் கேட்டிருக்கீங்க, அவளுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும் தம்பி. நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரியும். ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு இளித்தார். சொல்ல மாட்டேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அப்போது எனக்கு நல்ல சாக்காக வந்து வாய்த்தது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான். முதல் நாள் சொன்ன அதே ஆறு பெட்டிகளை எடுத்துக் காட்டினேன். பில் போட்டாகிவிட்டது.

கல்யாண நாள்வரை அவருக்குப் பொறுக்கவில்லை, மறுநாளே மாட்டப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த பெட்டிகளைப் பார்த்ததும் அது அப்படியே அணைந்தது. நான் சுவரில் துளை போடும்போது கீழே விழுந்த தூளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சோபாவில் அவர் உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் நாடா பிடித்து அளந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கச்சிதமாக நான் எந்தச் செட்டையும் பொருத்தியதில்லை. படத்தைப் போட்டதும் மழை அந்த ஹாலுக்குள் பெய்தது.

லிஃப்ட்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அக்கா, "நல்லா இருக்கு" என்றார்.

"பாத்தீங்களா தம்பி! முதல் தடவையா ஒரு குறையும் சொல்லலை." அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். இனிமேல் சனிக்கிழமை அலைச்சல் இல்லை, கம்பெனியில் சனிக்கிழமைக்கும் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சரி என்று சொல்லிவிட்டேன் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நானும் அக்காவும் ஆறு பெட்டிகளும் மிச்சம். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ரிமோட்டில் எதை அழுத்தினால் நிற்கும் என்று அக்கா கேட்டார். காட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா கடைக்கு போன் செய்தார். பழுது இருந்தால் பதினைந்து நாளைக்குள் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று ரசீதில் போட்டிருக்கிறதே, ஏதாவது பழுது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். வருகிறேன் அக்கா என்றேன். நிஜமாகவே போக நினைத்தேன். அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை, மறுநாள் வேறு ஊரில் ஒரு செட், அதற்கு மறுநாள் என்னவோ. பதினைந்து நாள் தாண்டியது. அக்கா மறுபடி கூப்பிடவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். அக்கா போய் மூன்று வாரம் ஆகிறது என்றார். சனிக்கிழமை மதியமாம். வேலைக்குப் போயிருந்தாராம், திரும்பி வந்து கதவைத் தட்டினால் திறக்கவில்லையாம். நெஞ்சு வலி என்று டாக்டர் சொன்னாராம். சோபாவில் சாய்ந்த மாதிரி இருந்தாளாம், டிவி ஓடவில்லையாம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் உள்ளே உட்காரலாமா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். நடு நாற்காலியைக் காலியாக விட்டு, பழையபடி வலப்பக்கம் உட்கார்ந்தார். படம் எதுவும் போடவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நல்லா இருக்குன்னு சொன்னாளே தம்பி. ஆனா ஒரு நாள்கூட அதைப் போட்டுப் பாக்கலை. நான் வரும்போதெல்லாம் அணைஞ்சேதான் கெடக்கும். கடைசி வரைக்கும் அவளுக்குப் பிடிச்ச ஒரு செட்டை வாங்கித் தர எனக்குத் துப்பில்லாம போச்சே. அதுல என்ன குறைன்னு உங்ககிட்டயாவது சொன்னாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். வூஃபர் சத்தம் அதிகம் என்றிருக்கலாம். நம்பியிருப்பார், அதை மாற்றச் சொல்லி மாற்றியும் வைத்திருப்பார். ஆனால் தனக்குத் துப்பில்லை என்று அந்த மனுஷன் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காது, போன் வராத அறை, அந்த அரை மணி நேரம், பிறகு அக்காவிடமிருந்து வந்த அந்த போன். முடித்ததும் அவர் அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் தம்பி வித்தீங்க?"

அதட்டிக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மாசக் கடைசி சார்" என்றேன்.

அவரும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்தானே. புரிகிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.