பிள்ளை இல்லாத வீட்டில் பிசின் உருண்டை

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததுமே என் வீட்டுக்காரர் கண்மாய்க் கரைக் கருவேல மரங்களில் பிள்ளை பெற்றதும் நான் தின்ன உருண்டை பிடிப்பதற்காகப் பிசின் சேகரிக்கத் தொடங்கினார். யுத்த காலம். கம்பத்துக் கடைகளில் முருங்கைப் பிசினைக் கலந்து விற்றார்கள். தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும். கருவேலம் பிசின் முழுக்கக் கரைந்துபோகும். முருங்கைப் பிசின் ஊதிக்கொண்டு சவ்வாக நிற்கும். அவர் கொண்டுவந்ததில் பட்டைத் தூசியைக் கிள்ளியெடுத்து, வெயிலில் காயவைத்து, கலயத்தில் போட்டு வைத்தேன்.

ஆண் பிள்ளை பிறந்தான். அழவில்லை. மருத்துவச்சி முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். அவர் துணியில் சுற்றி எடுத்துப் போனார். நான் கூரை மூங்கிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை என் ஓரகத்தி கலயத்தை எடுத்தாள். மாமியார் மறித்தார்.

"அத எதுக்கு எடுக்குற? பிசினு தின்னா பாலு ஊறும். குடிக்கப் பிள்ள இல்லையே, கட்டிக்கிட்டு வலிக்குமே."

"இடுப்புக்கு வேணும் அத்தை. பெத்த உடம்பு பெத்த உடம்புதானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். யார் வீட்டு விஷயமோ பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஓரகத்தி நெய்யைக் காயவைத்துப் பிசினைப் போட்டாள். பதமான சூட்டில் அது பொரி போல வெளுத்து உப்பும். சூடு ஏறினால் மேலே கருகி, உள்ளே கல்லாக நின்று பல்லில் ஒட்டும். கருகும் வாசனை வந்தது.

"நெய் ரொம்பக் காஞ்சிருச்சுக்கா. விறகை வெளிய இழுங்க" என்றேன்.

பிள்ளை போன பிறகு நான் பேசிய முதல் பேச்சு அது. மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

கருப்பட்டிப் பாகில் பிடித்த உருண்டையைக் கொடுத்தார்கள். தின்றேன். மறுநாள் பாலும் கட்டிக்கொண்டது. மாமியார் குறை சொல்லவில்லை. பால் வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை வைத்து மார்பை இறுகக் கட்டிவிட்டார். சேலையெல்லாம் பூவும் பாலும் கலந்து நாறியது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்: "சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா" என்றாள் ஓரகத்தி.

உள்ளே எட்டிப் பார்த்தார். "நாளைக்கு நடவுக்கு ஆள் வருது" என்றார்.

"சரி" என்றேன்.