நூற்றுக்கு ஒன்று குறைந்த பக்கம்

அணை அலுவலகத்தில் அவனுக்குச் ‘சுருக்கு’ என்று பெயர். அடுத்தவர்கள் நாள்கணக்கில் இழுப்பதை நாலு வரி கம்ப்யூட்டர் நிரலில் முடித்துவிடுவான். அந்தக் கொழுப்பும் கொஞ்சம் உண்டு. ஆற்றோரத்து ஆட்களின் போன் நம்பர்களை நூறு நூறாக, பக்கம் பக்கமாக எடுத்து வெள்ள எச்சரிக்கை அனுப்பும் ‘லைப்ரரி’ என்கிற குட்டி நிரல் அவன் எழுதியதுதான். நூற்றுக்குக் குறைவாக ஒரு பக்கம் வந்தால் அதுவே கடைசி, நிறுத்திவிடு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தான். “அதுக்கு மேலயும் தேடுறது வெட்டி வேலை” என்பான்.

ஆற்றோரத்தில்தான் அவன் அக்காவும் இருந்தாள். தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு தன் நிழலைக் கண்டாலே அவளுக்குப் பயம்.

“உன் அத்தான் போன் இன்னும் மேசைமேலதான்டா கிடக்கு. உங்க ஆபீஸ் மெசேஜ் வந்து அது சத்தம் போட்டா நெஞ்சு பதறுது. அவர் நம்பருக்கு அனுப்பாதே.”

“நிறுத்திடறேன்க்கா. ஆனா நீ கண்டவங்க பேச்சைக் கேட்டு ஓடாதே. உன் போனுக்கு மெசேஜ் வந்தா கிளம்பு. வரலைன்னா பயமே இல்லைன்னு அர்த்தம்.”

அன்றைக்கே அத்தான் நம்பருக்கு ‘அனுப்பாதே’ என்று குறி போட்டான்.

மழை பேய்மழையாகக் கொட்டி, அணையைத் திறந்த மதியம் அவன்தான் எச்சரிக்கையை அனுப்பினான். ‘முடிந்தது’ என்று திரை சொன்னது. அக்கா கிளம்பியிருப்பாள் என்று நம்பினான். ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், படுபாவி. கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அவளைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஆத்து இரைச்சலைக் கேட்டு நாங்க ஓடினப்போ கையைப் பிடிச்சு இழுத்தேன் தம்பி. ‘என் தம்பி மெசேஜ் அனுப்புவான், அவனுக்குத் தெரியாததா?’ன்னு உதறிட்டாளே!”

அடக்கம் முடிந்து வந்து நிரலைத் திறந்தான். நம்பர்களை வைத்திருக்கும் சர்வர், நூறு நூறாகப் பிரித்த பிறகுதான் ‘அனுப்பாதே’ குறி உள்ளவற்றைக் கழித்துக் கொடுக்கிறது. அத்தான் இருந்த பக்கத்தில் தொண்ணூற்றொன்பது பேர். அதையே கடைசி என்று எடுத்துக்கொண்டு லைப்ரரி நின்றுவிட்டது. அக்கா அடுத்த பக்கத்தில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் தெருத்தெருவாக ஆட்கள்.

“டவர் போயிடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம்ப்பா” என்றார் மேலதிகாரி.

“டவர் நல்லாத்தான் சார் இருந்துச்சு.”

ஒரு நம்பர்கூட இல்லாத வெறும் பக்கம் வரும்வரை நிற்காதே என்று ஒரே ஒரு வரியை மாற்றினான். ‘இது சோதனை மட்டும்’ என்று எல்லோருக்கும் அனுப்பிப் பார்த்தான்.

அவன் சட்டைப்பையில் அக்காவின் போன் சத்தம் போட்டது. மெசேஜ் வந்தால் தெரியவேண்டுமே என்று, நனையாமல் பரண்மேல் அவள் எடுத்து வைத்திருந்த போன்.