கொட்டலசும் கடல் அட்டையும், ஸ்டெல்லா மேடம் போட்ட பூஜ்யமும்

போன செவ்வாய்க்கிழமை காலை, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு நான் கிளம்பும் நேரத்தில், எனக்கு போன் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். பேசியவர் ஸ்டெல்லா மேடத்தின் தங்கை. "அக்கா விடியக்காலைல போயிட்டாங்க சார். மூச்சுத் திணறல்தான்."

எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் என் பக்கத்து மேசைக்காரர் அவர். அவருடைய கறார் அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் பட்டது பலருக்குத் தெரியாது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் இரண்டு கண்ணாடிச் சாடிகளை வைத்து, ஒப்பிட்டு எழுதச் சொன்னார். ஒன்றில் படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு. மற்றதில் கடல் அட்டை. வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "ஓட்டைப் பார்த்துட்டு சிப்பின்னு எழுதாதீங்க. கொட்டலசு இறால் சாதி. அட்டைன்னு பேர் இருக்கேன்னு புழுன்னும் எழுதாதீங்க. அது நட்சத்திர மீனுக்குச் சொந்தம்."

ஒரு மாணவன் சிப்பி, புழு என்றே எழுதினான். பூஜ்யம் போட்டார். அவன் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் மகன்.

"நாலு மார்க்குதான் மேடம். போட்டா என்ன ஆயிடும்?" என்றார் துறைத்தலைவர்.

"கொட்டலசு சிப்பி ஆயிடும் சார்."

மறுநாள் அந்த விடைத்தாள் என் மேசைக்கு வந்தது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம். பூஜ்யத்தை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன்.

அடுத்த பருவத்திலேயே அவரை வகுப்புகளிலிருந்து எடுத்து, மாதிரிகள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாக்கினார்கள். ஜன்னல் இல்லாத அறை, எந்நேரமும் பார்மலின் நெடி. ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்.

"வேற ரூம் கேளுங்க மேடம்," என்றேன்.

"கேட்டேன். குடுக்கல." சாடி ஒன்றுக்குச் சீட்டு ஒட்டியபடி, "அந்த நாலு நீங்க போட்டதுதானே?" என்றார்.

"ஆமா மேடம்."

"பார்த்ததுமே தெரிஞ்சுது. உங்க நாலு கொஞ்சம் சாயும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. போன வருடம் வேலையை விட்டார். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு ஒருமுறை போனேன். தலையணைகளில் சாய்ந்தபடி, மூச்சு வாங்க, என் மகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன் என்று கேட்டார். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்ததும் தங்கை அவருடைய பாடக்குறிப்பு நோட்டைக் கொடுத்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க சார்."

நோட்டு என்னிடம் இருக்கிறது. மன்னிப்பு இல்லை, நான் கேட்கவே இல்லை. கேட்க எனக்கு ஆறு வருடம் இருந்தது.